இறக்கச் சொன்ன கை

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாமலும் இருந்த ஓர் ஐப்பசி மாதத்தில், கொழும்பின் வடக்கு ஓரத்தில், மட்டக்குளியில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது இது. நான் இருப்பது நகரின் மறுபக்கம், வெள்ளவத்தையில். மட்டக்குளியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு நண்டுக்காரப் பெண்தான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவர் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக நண்டு விற்பவர். கணவர் பிடிக்கும் நண்டு. மட்டக்குளியின் ஓரத்தில் உவர்நீர்ச் சேற்றில் வளரும், அரசுக்குச் சொந்தமான ஒரு கண்டல் காடு இருக்கிறது. அதற்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. பாதை முடியும் இடத்தில் நீர், நீரில் அவர்களுடைய வள்ளம். விடியுமுன் அந்தப் பாதையால் போனால்தான் நீருக்குள் போட்டுவைத்த நண்டுக் கூடுகளைத் தூக்கி நண்டெடுக்கலாம். அவ்வளவுதான் அவர்களுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு.

ஒரு சனிக்கிழமை, நண்டு வாளியோடு ஈரமான ஒரு காகிதத்தையும் நீட்டினார். மின்கம்பத்தில் ஒட்டியிருந்த அரச அறிவித்தல். பசையோடு உரித்துக்கொண்டு வந்திருந்தார். அறிவித்தலைக் கிழிப்பது குற்றம் என்பதைத்தான் நான் முதலில் சொன்னேன். பிறகு வாசித்தேன். அந்தக் காட்டுக்கு ஒரு முகாமைத்துவத் திட்டம் தயாராகிறது, பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம் என்றிருந்தது. மூன்று மொழிகளிலும் இருந்தது. தமிழ்ப் பகுதி விளங்க வேண்டுமென்றால் ஆங்கிலப் பகுதியை வாசிக்க வேண்டும்.

"சேர், எங்களுக்குக் காட்டுல ஒண்ணும் வேணாம். விடியக்காலம் நாலு மணிக்குப் போற வழி இருந்தா போதும்" என்றார்.

முப்பது வருடங்களுக்கு மேல் அரச சேவையில் இருந்தவன் நான். காணி, திட்டமிடல், கருத்தறியும் கூட்டம் எல்லாம் என் கையால் நடந்தவை. ஓய்வு பெற்றவனிடம் வந்து யாராவது நடைமுறை கேட்டால் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

திட்டத்தின் வரைவைப் பார்க்க அலுவலகத்துக்குப் போனேன். அது பொதுமக்களின் பார்வைக்காக ஓர் அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தது. மூன்றாவது தடவை போனபோது பார்க்கக் கிடைத்தது. மோசமான திட்டம் என்று சொல்ல முடியாது. குப்பை கொட்டுவதைத் தடுக்க வேலி, பார்வையாளர்களுக்கு மரப்பலகை நடைபாதை. பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி: இரும்புக் கேற், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும்.

நான் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், பதினொரு பக்கம். வழியுரிமை, பாரம்பரியப் பயன்பாடு, பொதுநம்பிக்கைக் கோட்பாடு எல்லாம் அதில் இருந்தன. வள்ளக்காரருக்குக் கேற் பூட்டின் திறப்பு ஒன்று கொடுங்கள், விடியுமுன் அவர்களே திறந்துகொள்வார்கள் என்ற கோரிக்கையும் இருந்தது, ஒன்பதாம் பக்கத்தில், ஓர் உபபிரிவின் உபபிரிவாக. மனைவி எட்டிப் பார்த்தார்.

"நண்டு பிடிக்கப் போற வழிக்குப் பதினொரு பக்கமோ? அவங்கள் வாசிச்சு முடிக்க முதல் நண்டு தானே நடந்து வந்து சேர்ந்திடும்."

பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் முகவரியிலிருந்து, என் கையொப்பத்தோடு.

பிறகு கூட்டம். வள்ளக்காரர்கள் இருபது பேரளவில் வந்திருந்தார்கள், வேலை நேரத்தில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு. மண்டபத்துக்கு வெளியே அவர்களை நிறுத்திவைத்து நான் வகுப்பெடுத்தேன்.

"எழுத்தில போனதுதான் ஆவணம். வாயால சொன்னது காத்தோட போயிடும். கடிதம் போயிட்டுது. உள்ளுக்குள்ள ஒருத்தரும் கதைக்க வேண்டாம். ஆளுக்கொண்டு சொன்னால் எங்கட கேஸ் பலவீனமாப் போயிடும்."

"அப்ப நாங்க எதுக்கு சேர் வந்தோம்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆள் காட்டத்தான்டா. ரோல்ஸும் குடுப்பாங்க" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நண்டுக்காரப் பெண்ணின் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "சேர் சொன்னா சரி" என்றார்.

திட்டத்தை விளக்கியவர் இளம் பெண் உத்தியோகத்தர். சிங்களத்தில் விளக்கினார், வேறொருவர் அதைத் தமிழில் சுருக்கினார். சுவரில் பச்சை நிறத்தில் வரைபடம் தொங்கியது. அதில் ஒற்றையடிப் பாதை இல்லை. கடைசியில் உத்தியோகத்தர், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மண்டபம் அமைதியாக இருந்தது. மறுபடியும் கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்த நண்டுக்காரப் பெண்ணின் கை உயர்ந்தது. முழுதாக அல்ல, தோள் வரைக்கும். நான் தலையை அசைத்து, விரலால் இறக்கச் சொன்னேன். அவர் இறக்கினார். உத்தியோகத்தர் எங்கள் பக்கமே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அனுபவம் போதாத பிள்ளை, கூட்டத்தை முடிக்கத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். பிறகு தேநீரும் ரோல்ஸும் வந்தன.

கூட்ட அறிக்கையின் பிரதி கேட்டு எழுதியிருந்தேன். இரண்டு மாதத்தில் வந்தது. "கலந்துகொண்டோர் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை." என் கடிதத்துக்குப் பின்னிணைப்பில் இடம் கிடைத்திருந்தது: திட்டப் பிரதேசத்துக்கு வெளியே வசிக்கும் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம்; அடுத்த மீளாய்வின்போது கவனத்தில் எடுக்கப்படும்.

ஆட்சேபம் இல்லை என்ற அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ கூட்டங்களை அதே வாக்கியத்தால் நான் மூடியிருக்கிறேன். அமைதியான மண்டபம் ஓர் உத்தியோகத்தனுக்குக் கிடைக்கும் பரிசு என்று எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அவ்வளவு காலமும் நான் இருந்தது மேசைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகும் என் புத்தி அங்கேயே இருந்துவிட்டது.

மேன்முறையீடு செய்தேன். நினைவூட்டல் அனுப்பினேன். வேலி வந்தது. கேற் வந்தது, சொன்னபடி எட்டு முதல் ஐந்து வரை. கடைசியில் நானும் அந்தப் பெண்ணும் அதே உத்தியோகத்தரைப் பார்க்கப் போனோம். அவர் எழுந்து கதிரை போட்டுத் தந்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை நான் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. நண்டுக்காரப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

"அண்டைக்கே கூட்டத்தில சொல்லியிருக்கலாமே அம்மா. ஒரு திறப்புத்தானே? அந்த இடத்திலேயே எழுதியிருப்பன். நீங்கள் கையை உயர்த்தினதைக் கண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான்."

இப்போது திட்டம் மேலிடத்தில் ஒப்பமாகிவிட்டது, மீளாய்வு வரும் வரை தன்னால் ஒரு வரியும் மாற்ற முடியாது என்றார். அவர் சொன்னது சரி. அந்த விதியும் எனக்குத் தெரிந்ததுதான்.

வெளியே பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தோம். பஸ் வந்தபோது அந்தப் பெண், "பரவால்ல சேர். நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்ல எனக்கு வழி இருந்திருக்கும்.

வள்ளத்தை விற்றுவிட்டார்கள். கணவர் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமக்கிறார். அந்தப் பெண் வேறு யாரோ பிடித்த நண்டோடு சில சனிக்கிழமைகள் வந்தார், பிறகு வரவில்லை. நான் ஒரு நாள் பகலில் போய்க் காட்டைப் பார்த்தேன். குப்பை இல்லை. பலகை நடைபாதையில் ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

என் கடிதத்தின் பிரதி இன்னும் கோப்பில் இருக்கிறது, பிழையில்லாத பதினொரு பக்கம். ஆனால் அன்று ஒருவர் பேசக் கையை உயர்த்தினார் என்பதும், அதை இறக்கச் சொன்னவன் நான் என்பதும் எந்தக் கூட்ட அறிக்கையிலும் இல்லாதபடியால், இங்கேயாவது அதைப் பதிந்து வைக்கிறேன்.