கத்தரிக்காய்க் குவியலில் ஒரு ரயட்

கூச்சலுக்கு ஆங்கிலத்தில் இத்தனை வார்த்தை எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். ரயட், பிரால், அப்ரோர், கமோஷன், ஹப்பப். பிரெஞ்சுக்காரன் இருந்தவரை எங்கள் புதுச்சேரியில் எல்லாக் கூச்சலுக்கும் ‘தப்பாஜ்’ என்று ஒரே வார்த்தை. ராத்திரி நாய் குரைத்தாலும் அதுதான், கல்யாணத்தில் சம்பந்திகள் அடித்துக்கொண்டாலும் அதுதான். அவன் போன மறுவருடம், போலீஸ் ரிப்போர்ட்டை எல்லாம் இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

என் அம்மா பெரிய மார்க்கெட்டில் காய்கறி விற்றவள். விடிகாலையில் கிராமத்து வண்டிகள் வந்து கத்தரிக்காயைக் குவியலாகக் கொட்டும். அதை எடுக்க ஒரு முறை உண்டு. குவியல்மேல் கையை வைத்துக்கொண்டு விலையைக் கத்த வேண்டும். இன்னொருத்தி அதற்கு மேலே கத்துவாள். வெறும் விலையைச் சொன்னால் யார் காதில் விழும்? அதனால் எதிராளியின் மூக்கு, முழி, மாமியார் எல்லாம் சேர்ந்து வரும். கடைசியாக விலை கத்தியவளுக்குக் குவியல். கை குவியல்மேல் இருக்கும்போது வாயிலிருந்து வந்ததைத் திருப்பி எடுக்க முடியாது. ‘தெரியாம சொல்லிட்டேன்’ என்பதெல்லாம் அங்கே செல்லாது. எல்லாம் முடிந்ததும் திட்டியவளும் திட்டு வாங்கியவளும் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டுக்கொள்வார்கள்.

எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர். காரைக்காலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தும்மக்கூட இரண்டு முறை யோசிக்கிற குடும்பம். ஒருநாள் மார்க்கெட் வாசலில் நின்று இந்தக் கூத்தைக் கேட்டிருக்கிறார். பயந்துபோய் ஸ்டேஷனுக்கு ஓடி, அகராதியைப் புரட்டி, எழுதச் சுலபமாக இருக்கிறதே என்று ‘ரயட்’ என்று எழுதிவிட்டார். கடையை உடைத்துத் தீ வைத்தால்தான் ரயட் என்று அந்த மனிதருக்கு யார் சொல்ல? மெட்ராஸிலிருந்து வந்திருந்த புது இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். மறுநாளே ஒரு லாரி நிறைய போலீஸ் வந்து இறங்கியது. யார் குரல் பெரியது என்று விசாரித்துவிட்டு, என் அம்மாவின் இடத்தைப் பிடுங்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நான்தாங்க எழுதினேன். அது நீங்கன்னு தெரியாதுங்க. நிச்சயத்தன்னிக்கு நீங்க வாயே தொறக்கலியே.”

“அன்னிக்குப் பட்டுப்பொடவ கட்டியிருந்தேன்டா பாவி!” என்று அம்மா எழுந்தாள். “எம்பொழப்புல மண்ணப் போட்டவனுக்கு எம்பொண்ணு கேக்குதா? நிச்சயத் தட்ட நாளைக்கே திருப்பி அனுப்பறேன், போ!”

நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர் திரும்பும்போது, கதவிடம் சொல்வதுபோலச் சொன்னார்: “காலைல இன்ஸ்பெக்டரக் கூட்டிட்டு வரேன். அவரே காதால கேக்கட்டும். ரயட் இல்லன்னா ரிப்போர்ட்ட மாத்திடலாம்.”

மறுநாள் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு போனேன். இன்ஸ்பெக்டர் பிரம்போடு நின்றார். பக்கத்தில் இவர், அகராதியோடு. வண்டி வந்தது, குவியல் சரிந்தது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை! போலீசுக்குப் பயந்து அத்தனை பெண்களும் பூசைக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். “யாராச்சும் எடுங்கம்மா, மாடு நிக்குது” என்று வண்டிக்காரர் கெஞ்சினார். பூக்கடைக்காரர் யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் என்று நினைத்து மாலை கட்டவே ஆரம்பித்துவிட்டார்.

“தினமும் இப்படி அமைதியாத்தான் இருக்குமா?” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்போ முந்தாநாள் நடந்தது ரயட்டேதான்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது மாப்பிள்ளை அகராதியை இன்ஸ்பெக்டர் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று வந்தார். குவியல்மேல் கையை வைத்து ஒரு விலையைக் கத்தினார். ஐயோ, அந்த விலைக்கு ஓர் ஆட்டையே வாங்கலாம்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. என்ன போலீஸ், என்ன பிரம்பு! பாய்ந்து வந்து குவியல்மேல் தன் கையை அறைந்தாள்.

“அடப் பாவி! சொத்தக் கத்திரிக்காய்க்கா இந்த வெல? உன்னப் பெத்தவங்க சோறு போட்டு வளத்தாங்களா, புண்ணாக்கு போட்டு வளத்தாங்களா? வெல தெரியல, வெவரம் தெரியல, இவன் எம்பொண்ணக் கட்டிக்கப் போற மாப்ள! ஊரே சிரிக்கும்டா!”

அவ்வளவுதான். மற்ற வாய்களும் திறந்துகொண்டன. இன்ஸ்பெக்டர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கேட்டார். கடைசியில் வெற்றிலை கிழிபடுவதையும் பார்த்துச் சிரித்துவிட்டார். தலைமயிரைப் பிடித்தால் பிராலாம். எல்லோருக்கும் ஒரே ஆள்மேல் கோபமென்றால் அப்ரோராம். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடினால் கமோஷனாம். இது வெறும் ஹப்பப், பல பேர் ஒரே நேரத்தில் பேசுவது, அவ்வளவுதான் என்று ரயட்டை அடித்து மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். ஹப்பப் என்றால் கோபமே இருக்காதாம். என் அம்மாவுக்குக் கோபம் இல்லையாம்! ஒரு காதால் கேட்டவருக்கு அவ்வளவுதான் கேட்டது, பாவம்.

அம்மா கத்தியதில் விலையே இல்லை, மாப்பிள்ளை சொன்ன விலைக்கு மேலே வேறு யாரும் போகவும் இல்லை. குவியல் அவர் தலையில் விழுந்தது. “தெரியாம சொல்லிட்டேங்க” என்று இவர் தயங்க, “கைய வச்சிட்டுப் பேசினா பேசினதுதாங்க” என்று வண்டிக்காரர் சிரித்தபடி மூட்டை கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளையை அத்தனை பெண்களும் சேர்ந்து கேலி செய்தார்கள். அவர் காது சிவந்துபோனது.

வெயில் ஏறியதும் அம்மா என்னைப் பார்த்தாள். “எடம் தப்பிச்சிது. ஆனா கல்யாணம் கெடையாது, சொல்லிட்டேன்.”

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. “ஊரு முன்னால அவர மாப்ளன்னு நீதான சொன்ன.”

“கோவத்துல வாயில வந்துட்சிடி. தெரியாம சொல்லிட்டேன்.”

தினமும் அம்மாவோடு குவியலுக்கு மல்லுக்கட்டுகிற பக்கத்துக் கடைக்காரி வெற்றிலையை மென்றபடி நிமிர்ந்தாள்.

“சொல்லும்போது உங்கை எங்க இருந்துச்சி?”

அம்மா தன் கையைப் பார்த்தாள். சுற்றியிருந்த பெண்களும் அதையே பார்த்தார்கள்.

“தையில வச்சிக்கலாம்” என்றாள் அம்மா.