தாம்ஹிணியில் நனைந்த துண்டு ரஞ்சன்காவில் காய்ந்தது

ரஞ்சன்காவ் தாண்டி நாங்கள் வாங்கவிருந்த மனைக்குத் திங்கட்கிழமை ஒப்பந்தம். அதற்கு முந்தைய ஞாயிறு, ஜூலைக் கடைசி. தாம்ஹிணி மலையில் மழை பார்க்க வேண்டும் என்றாள் மனைவி ரேவதி. அப்படியே மனையையும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றேன் நான். டிக்கியில் ஒரு தென்னங்கன்றும் ஏறியது. சொந்த மண்ணில் தென்னை வைப்பது அவளுடைய பத்து வருட ஆசை.

புனே ஹடப்சரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கார் வாடகை நாளுக்கு 3,800 ரூபாய், டோல் தனி. ஓட்டுநர் குமார், கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். மேற்கே எழுபது கிலோமீட்டர், எட்டரைக்குத் தாம்ஹிணி. எதிரே வரும் லாரி தெரியாத மழை. கூரைகள் எல்லாம் மழை வழிந்தோடச் சரிவாக இருந்தன, வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. சாப்பிட்ட கடையில் ரொட்டிகூட அரிசி மாவில்தான், தட்டு 120 ரூபாய். தலை துவட்டிய துண்டைப் பின்னிருக்கையில் விரித்துவிட்டுத் திரும்பினோம்.

புனேயில் தூறல். கிழக்கே வாகோலி தாண்டியதும் அதுவும் நின்றது. ரஞ்சன்காவில் ரொட்டி கம்பு மாவாகிவிட்டது, கூரைகள் மொட்டை மாடிகளாகிவிட்டன, வயலுக்குப் பதில் தொழிற்சாலை மதில்கள்.

"மழைய எல்லாம் அந்த டோங்கரே புடிச்சிக்குதுண்ணா," என்று மலையைச் சொன்னார் குமார். "இங்க பாவுஸ் கம்மி. இந்த நெலத்துல கேதி பண்ணி என்னா வெளையும்? கம்பெனிக்கு நெலத்தக் குடுத்துட்டாங்க."

சிறுவாணியில் கொட்டும் மழை எங்கள் பல்லடத்தை எட்டிப் பார்க்காது. அதனால்தான் எங்களூரில் ஏருக்குப் பதில் தறிச் சத்தம். அங்கே பிறந்தும், போன செப்டம்பரில் இங்கே பச்சையைப் பார்த்து மயங்கி, வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்த அறிவாளி நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு மணிக்கு மனை. பக்கத்து வீட்டு வாசலில் ஏழு நீல டிரம்கள் வரிசையாக இருந்தன. அந்த வீட்டு அம்மாவிடம் குமார் மராத்தியில் விசாரித்துவிட்டு வந்தார். "போர் மார்ச்லயே காலியாம். டேங்கர் நாளைக்குத்தான் வருமாம்."

ரேவதி கன்றை இறக்கவே இல்லை.

"ஏனுங்க, எங்கப்பா தண்ணி இல்லாமத்தானுங்க காட்ட வித்துப்போட்டு மில்லுக்குப் போனாரு. அதே காட்டைத் தேடி வந்து நாம வாங்கறமுங்களா?"

காரின் பின்கதவைத் திறந்தேன். காலையில் விரித்த துண்டு மொடமொடவென்று காய்ந்திருந்தது.

ஐந்தரைக்கு வீடு. மொத்தம் 232 கிலோமீட்டர். இந்தப் பக்கம் நிலம் பார்க்கப் போகிறவர்கள் மே மாதத்தில் போங்கள். தரகர் பேச்சை விடுங்கள், அக்கம்பக்கத்து வாசலில் டிரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தம் போடவில்லை. தென்னங்கன்று எங்கள் நான்காம் மாடி பால்கனியில் நிற்கிறது. ரேவதி தினமும் அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். எங்கள் குடியிருப்புக்கும் டேங்கர் தண்ணீர்தான்.