பனிமலையில் பந்தயம் நின்ற ஞாயிறு

அந்தக் குளிர்காலம் முழுக்க நானும் என் அறைத்தோழியும் போனில் பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்தோம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில், ஒரே கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறை. தோழி கோவில்பட்டிப் பக்கம், என்னைவிட இளையவள். மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில் பனியைப் பார்ப்பதே அவளுக்குச் சுகம். வாரம் ஒரு நாடு, ஒரு மலை. நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து பாய்ந்து இறங்குவார்கள். அதில் ஒருத்தியை எங்கள் ஆளாக்கிக்கொண்டோம். அந்த சீசன் புள்ளிகளில் அவள்தான் முன்னால் இருந்தாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், கார் பாகங்கள் பூட்டும் எங்கள் லைனில், தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் தோழி வழுக்கி விழுந்தாள். முழங்கால் திருகிக்கொண்டது. அவள் அலறியதும் லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாமா, பார்ட்டுல ப்ராப்ளமா?"

"ஆளு விழுந்துட்டா சார்."

"ஆளு வுழுந்ததுக்கா லைன நிறுத்திகினு கீற? அவள ஓரமா குந்த வை."

லைன் மறுபடி ஓடியது. அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். ஷிப்ட் முடியும்வரை தோழி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஆத்திரத்தில் நான் இரண்டு ஸ்க்ரூவைக் கோணலாக முடுக்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அவள் பந்தயம் பார்த்தாள். எங்கள் வீராங்கனை தடுமாறி ஓரத்து வலையில் போய் மோதினாள். உடனே கொடி அசைத்துப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஹெலிகாப்டர் வந்தது. கீழே கூட்டம் கலையாமல் அப்படியே நின்றது. மலையுச்சியில் அடுத்து இறங்க வேண்டியவள் குளிரில் காத்திருந்தாள். அவளை யாரும் விரட்டவில்லை.

"அவ ஒருத்திக்காக அம்புட்டுப் பேரும் நிக்காங்க பாருக்கா," என்றாள் தோழி. குரலில் பொறாமைகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் எச்.ஆர். அறைக்குப் போனேன். "அவங்க ஷூ தேஞ்சிருக்கு, அதான் வழுக்கியிருக்கு," என்றார் அங்கிருந்த மேடம்.

"அந்த ஷூவக் குடுத்ததே நீங்கதான மேடம்!" என்று கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கத்தியதற்காக எனக்கு மெமோ வந்தது. தோழிக்குக் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை, ஊருக்குப் போய்விட்டாள். மார்ச்சில் அந்த சீசன் கோப்பையை வேறொருத்தி தூக்கியதை நான் தனியாகத்தான் பார்த்தேன். தோழிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. ஆனாலும் எந்தக் கடையில் வேலை கேட்டாலும், நாள் முழுக்க நிற்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்களாம்.

நான் இன்னும் அதே லைனில் இருக்கிறேன். சூப்பர்வைசர் சில நாள், "இன்னாமா, சாப்டியா?" என்று கேட்பார். நான் தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த ஸ்க்ரூவை எடுப்பேன்.