பத்தொன்பது முறை திருகிய காது

தினமும் காலையில், கடைசிச் சொட்டு விழுந்ததும் அவர் குனிந்து, கண்ணை டம்ளரின் விளிம்புக்கு நேராக வைத்துப் பார்க்கிறார். தண்ணீர் வழியவுமில்லை, தாழவுமில்லை. திருப்தி. கணினிக்குப் பக்கத்தில் வைக்கிறார். அந்தத் தண்ணீரை யாரும் தொடக் கூடாது. அவருக்கே தாகமெடுத்தால் வராந்தாக் குழாயில்தான் குடிப்பார். வெளியே லாரி போனால் தண்ணீரில் வளையம் ஓரத்திலிருந்து கிளம்புமாம். அதிர்வு பூமிக்குள்ளிருந்து வந்தால் நடுவிலிருந்து கிளம்புமாம். "பதினோரு வருஷமா ஓரத்துலேருந்துதான் வந்திருக்கு. நல்ல தண்ணி," என்பார், சாதுவான மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

சுரங்கத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பாதாளம். ஆனால் பாதாளத்துக்கு ஒருநாளும் இறங்கியவரில்லை. லிஃப்டில் ஏறினாலே வியர்த்துவிடும். அவருக்குக் கீழே இருநூறு பேர், பதவியில் அல்ல, ஆழத்தில். நானூறு மீட்டர் கீழே நிலக்கரியின் வெடிப்புகளில் வாயு எப்படி ஓடும், மேலே அழுத்தும் பாறை எப்படி நெளியும் என்று கணக்கிட, கணினிக்குள் ஒரு பொய்ச் சுரங்கம் கட்டி வைத்திருக்கிறார். நிஜச் சுரங்கத்தின் மீட்டரும் இந்தப் பொய்ச் சுரங்கமும் ஒத்துப்போனால் ஷிஃப்ட் தாளில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் ஆள் இறங்கலாம்.

முதலில் இறங்குபவர், கரி வெட்டும் ஏழாம் முகப்பின் ஃபோர்மேன். இவருடைய தங்கையின் கணவர். தாளை வாங்க வரும்போதெல்லாம் ஒரு சீண்டல்.

"என்ன மச்சான், உங்க ஜோசியப் பெட்டி என்ன சொல்லுது? எனக்கு இன்னிக்குக் கண்டம் ஏதும் இருக்கா?"

"கரியைக் கல்லுன்னு நினைக்காதீங்க மாப்ள. வாயு இருந்தா உப்பும், போனா சுருங்கும். மூச்சு விடுற சாமான்."

"உங்க தங்கச்சியும் அப்படித்தான் உப்புது. அதுக்கு யாரு கையெழுத்துப் போடுவா?"

கொஞ்ச நாளாக ஏழாம் முகப்பில் ஒரு சின்ன உரசல். பொய்ச் சுரங்கம் சொன்னதைவிட நிஜ மீட்டரில் வாயு குறைவாக வந்தது. மீட்டர் பழசு, அடக்கி வாசிக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். கணக்கில் வெடிப்பின் அகலத்துக்கென்று ஓர் எண் உண்டு. தினமும் காலையில் அதன் காதை லேசாகத் திருகிக் குறைப்பார்; இரண்டு கோடுகளும் சமாதானமாகிவிடும். கையெழுத்து. வாயு இறங்க இறங்க மேனேஜரின் முகம் மலர்ந்தது.

வியாழக்கிழமை காலையும் காதைப் பிடித்தவர், விட்டுவிட்டார். பழைய தாள்களைப் புரட்டினார். பத்தொன்பது திருகல். பத்தொன்பதும் ஒரே பக்கம்.

தப்பு என்றால் இரண்டு பக்கமும் விழ வேண்டும். மீட்டர் அடக்கி வாசித்தால் ஒரு திருகலோடு சரியாகியிருக்கும். தினமும் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது தப்பில்லை. மீட்டர் சரியாகத்தான் இருந்தது. கீழே வெடிப்பு நிஜமாகவே தினம் ஒரு மயிரிழை மூடிக்கொண்டு வந்திருக்கிறது. இவரும் மேலே உட்கார்ந்து, தன் கையாலேயே, தினம் ஒரு மயிரிழை மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

கையெழுத்துப் போடாமல் தாளைக் கவிழ்த்து வைத்தார். இரவு ஷிஃப்ட் மேலே ஏறிவிட்டது. காலை ஷிஃப்ட் இறங்கவில்லை. பல வருஷத்தில் முதல்முறையாகக் கீழே ஒரு மனிதர்கூட இல்லை.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "மீட்டர் ஏறினா பயப்படுவீங்க, சரி. இறங்கினதுக்குமா சார்?"

"வாயைப் பொத்திட்டா வயிறு காலின்னு அர்த்தமா சார்?"

"மேலிடத்துக்கு நான் என்ன எழுத? டம்ளர்ல தண்ணி சரியில்லைன்னா?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்லை."

"அப்ப திங்கட்கிழமை சரியான ஆளா ஒருத்தரை வரவழைச்சுக்கிறேன்," என்று மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். தலைக்கவச விளக்கை அணைக்கக்கூட மறந்த கோபம். "அறுபது பேர் பூட்ஸைக் கழட்டாம உக்காந்திருக்கோம் மச்சான். உங்க மச்சானுக்குப் பேய் பிடிச்சிருக்கான்னு என்னைத்தான் கேக்கறானுங்க. ஒரு கிறுக்கல்தானே? போடுங்க. நான் பார்த்து நடந்துக்கறேன்."

பாதாளம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் பார்த்தார்.

சத்தமே இல்லை. லாரி எதுவும் போகவில்லை. தண்ணீரின் நட்டநடுவில், யாரோ அடியிலிருந்து விரலால் தொட்டதுபோல, ஒரு புள்ளி எழுந்தது. அது வளையமாகி விரிந்து விளிம்பைத் தொட்டுக் கொஞ்சம் வழிந்தது. பின்னாலேயே இன்னொன்று.

சுவரில் ஏழாம் முகப்பு மீட்டரின் முள் கடைசிக் கோட்டில் போய் இடித்து நின்றது. அப்புறம்தான் அபாயச் சங்கு ஊதியது. ஆளில்லாத இருட்டுக்குள் அந்த முகப்பு உடைந்து, பத்தொன்பது நாளாக அடக்கியிருந்ததையெல்லாம் கக்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். கை தானாக நீண்டு டம்ளரை எடுத்தது. மடக் மடக்கென்று முழுவதும் குடித்துவிட்டு, எதைக் குடித்தோம் என்பது உறைத்ததும், திடுக்கிட்டு நிமிர்ந்தார். விளக்கு வெளிச்சம் பாதாளத்தின் முகத்தில் விழுந்தது.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு வராந்தாக் குழாய்க்குப் போனார். திரும்பி வந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து, கண்ணை விளிம்புக்கு நேராக வைத்தார்.