நாற்பத்தொன்றாம் பக்கம்

போனின் முதுகைக் கழற்றும் முன்பே, ரிப்பேர் கடைக்காரர் புத்தகத்தை நீட்டிவிடுகிறார். “இருபது நிமிஷம் ஆகும். சும்மா உக்காந்திருக்காதீங்க, இதைப் படிங்க.” அட்டை எப்போதோ போய்விட்ட நாவல். போன் வந்த பெட்டி ஒன்றை வெட்டி அவரே அட்டை போட்டிருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய கடை. மேலே யாராவது இறங்கினால் சுண்ணாம்புத் தூள் உதிரும். உடனே எட்டி, வாசிப்பவர் கையிலிருக்கும் புத்தகத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்ப்பார். மேசையில் திறந்துகிடக்கும் போன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாடிக்கையாளர்கள் அவரைக் கதவண்ணன் என்கிறார்கள். காரணம் நாற்பத்தொன்றாம் பக்கம். நாவலில் ஒரு நகரத்தையே கம்பெனி ஒன்று வாங்கிவிடுகிறது. நாயகனுக்கு வாடகைக் கண். விளம்பரம் பார்க்காவிட்டால் இமை மூடிக்கொள்ளும். மழையில் நனைந்து வீட்டுக்கு வருகிறான். வீட்டுக் கதவு, ‘விதிமுறைகள் மாறிவிட்டன, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படித்து ஒப்புக்கொள்ளவும்’ என்கிறது. படித்து முடிப்பதற்குள் விதிமுறை மறுபடி மாறிவிடுகிறது. அவனை இனித் தேடமாட்டேன் என்று உள்ளே இருக்கும் மனைவி ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டாளாம். அதையும் கதவே பணிவாகச் சொல்கிறது.

இந்த வகை எதிர்கால அறிவியல் கதைக்கு சைபர்பங்க் என்று பெயர் என்றேன். “பேரெல்லாம் எனக்கெதுக்கும்மா? சிரிப்புக் கதை. படிச்சா வயிறு வலிக்கும்.”

ஒரு காலத்தில் வலித்திருக்கிறது. லாரி ஓட்டுநர் ஒருவர் சிரித்துச் சிரித்து முக்காலியோடு சாய்ந்தாராம். முக்காலியின் ஒடிந்த காலைக் கடைக்காரர் கம்பி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். வாசிப்பவர் புரட்டிய தாள்களின் தடிமனைப் பார்த்தே நாற்பத்தொன்று வந்துவிட்டதை அறிவார். திருப்புளி நின்றுவிடும். முகத்தையே பார்ப்பார்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. “இது எந்தக் கம்பெனி கதவு?” என்று கேட்டாராம் ஒருவர். “எங்க வீட்லயும் இதே பிரச்சினைதான். யார்கிட்ட புகார் குடுக்கணும்?” என்றாளாம் ஒரு பெண். நானும் அவரை ஏமாற்றினேன். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஈரத்தில் செத்த போனோடு அவரிடம் போயிருந்தேன். நான் தங்கிய விடுதி ஒன்றில், ஐந்து நட்சத்திரம் கொடுத்த பிறகே குழாயில் வெந்நீர் வந்தது. அதனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது, பாவம், தலையைத் துவட்டக்கூட வழியில்லையே என்றுதான் தோன்றியது.

“புக்கு அதேதான். ஒரு எழுத்து மாறல. சிரிப்பு மட்டும் எங்கம்மா போச்சு?” என்றார்.

ஈரம் காயட்டும் என்று கடையில் விட்டிருந்த போனை வாங்க நேற்று போனபோது, கம்பி கட்டிய முக்காலியில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். பேசும் கதவுப் பூட்டு செய்யும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கதவு என்ன பேச வேண்டும் என்று எழுதுவதுதான் வேலை. வேலை ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தர மாலை ஐந்து மணி வரைதான் நேரம். அவர் அவளிடமும் புத்தகத்தை நீட்டினார்.

“சின்ன வயசுலேருந்து சொல்றியேப்பா, எனக்கு மனப்பாடம்!”

“கேட்டது வேற, படிக்கிறது வேற. போகாதேன்னு சொல்லல. ஒரு தடவை சிரிச்சிட்டு அப்புறம் சம்மதம் குடு.”

“சிரிக்கலன்னா?”

அவர் என் போனைத் திறந்து வைத்துக்கொண்டு திருப்புளியைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

அவள் படித்தாள். தாள்கள் புரண்டன. திருப்புளி நின்றது. அவளுடைய நெற்றி சுருங்கியது, உதடு லேசாகப் பிரிந்தது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“பென்சில் குடேன்” என்றாள்.

கொடுத்தார். அவள் இரண்டு வரிகளை அடித்தாள். “இந்தக் கதவு ரொம்பப் பேசுதுப்பா. நனைஞ்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட இவ்வளவு நீளமாவா சொல்றது? ‘வணக்கம், ஒரு சின்ன மாற்றம்’, அவ்வளவு போதும். அவனும் கோவிச்சுக்க மாட்டான்.”

“அது கிண்டல்டா கண்ணு.”

“கிண்டலா? யாரை?”

அவள் விளையாடவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். கம்பெனியை என்பாரா, அந்த மனிதனை என்பாரா? என் பக்கம் திரும்பினார். நான் செருப்பைப் பார்த்தேன்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். அவள் போனை எடுத்து ஒப்பந்தத்தை விரலால் மேலே தள்ளினாள். பக்கங்கள் கிணற்று ராட்டினக் கயிறு மாதிரி ஓடின. அடியில் ஒரு பச்சைக் கட்டம் வந்தது. அழுத்தினாள்.

“படிச்சியா?”

“இதையெல்லாம் யாருப்பா படிப்பாங்க?” சிரித்துக்கொண்டே எழுந்தாள். புத்தகத்தைத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள். “சீக்கிரம் வீட்டுக்கு வா. அம்மா பாயசம் வைக்கிறேன்னிருக்கா.”

மேலே யாரோ இறங்கினார்கள். தூள் உதிர்ந்தது. அவர் கையைக் கவிழ்க்கவில்லை. திறந்துகிடந்த என் போனை ஓரமாகத் தள்ளிவிட்டு, விளக்கைக் கீழே இழுத்தார். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து, இடுக்கியின் முனையை முதல் வரியில் வைத்து, சர்க்யூட்டில் விட்டுப்போன இணைப்பைத் தேடுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நகர்த்தத் தொடங்கினார்.