தம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அப்பா. அவர் போதகர் இல்லை. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும். அந்தக் கூச்சத்தை எனக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

நாங்கள் லுத்தரன் சபை. ஜெர்மன் நாட்டில் ஒரு துறவி, கடவுளின் கிருபையை யாரும் சம்பாதிக்க முடியாது, அது சும்மா கிடைப்பது என்று சொல்லித் திருச்சபைப் பெரியவர்களோடு மோதினாராம். அந்தப் பேச்சு பிறகு கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தது. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி, தேயிலைக்கு ஆள் பிடித்த காலத்தில் எங்கள் முன்னோரின் துணிமூட்டையோடு கண்டி மலைக்கும் ஏறிவிட்டது. இவ்வளவு தூரம் வந்த சபைக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு தகரக் கூரைக் கோயிலும் சில குடும்பங்களும்தான் இருந்தன. போதகர் கண்டியிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார்.

தம்பி பிறந்த சில நாளில் அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு நல்ல மழை. அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். லொறி கேட்டுப் பக்கத்து வீட்டு மாமா ஓடியிருந்தார். அப்பா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

“பாப்பா, தண்ணி கொண்டா.”

“சுடுதண்ணியாப்பா?”

“எதாச்சும் கொண்டா, சீக்கிரம்!”

நான் தகரக் கோப்பையில் மொண்டு கொடுத்தேன். சாகக் கிடக்கும் பிள்ளைக்குப் போதகர் கிடைக்காவிட்டால், சபையில் உள்ள எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் பழைய ஏற்பாடு. ஞாயிறு வகுப்பில் எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அப்படி ஒருவர் செய்து நான் பார்த்ததில்லை.

முதலில் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத்தான் இன்னும் பெயரே இல்லையே. அம்மா ஒரு பெயரும் அத்தை ஒரு பெயரும் சொல்லி, அந்தச் சண்டை முடியாமல் இருந்தது. அப்பாவின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு, நான் கூப்பிடும் பெயரையே சொன்னார். “தம்பி” என்று ஆரம்பித்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தரம் அவன் தலையில் தண்ணீரை ஊற்றினார். பாதித் தண்ணீர் என் பாவாடையில் விழுந்தது.

லொறி வந்தது. தாயும் பிள்ளையும் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. பெரியவர்களை ஆற்றில் முழுக்கி எடுக்கும் வேறொரு சபையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். பேராதனைப் பாலத்துக்குக் கீழே மகாவலியில் முழுகி எழுந்த உற்சாகம் அவருக்கு இன்னும் காயவில்லை.

“அண்ணே, நீங்க எப்பண்ணே பாஸ்டர் ஆனீங்க? சொல்லியிருந்தா நானும் வந்து ஜெபம் பண்ணிக்கிட்டு இருப்பேனே!”

அப்பா சிரித்து வைத்தார். மறுநாள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும் வழியில் என்னிடம் கேட்டார்.

“பாப்பா, அன்னிக்கு அப்பா என்ன பேரு சொன்னேன்?”

“தம்பின்னு சொன்னீங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “பேரில்லாம ஊத்துனா அது சேருமான்னு தெரியலையே” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் மறந்துபோய்க் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவசரத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தைப் போதகர் சபைக்கு முன்னால் விசாரித்துத்தான் ஏற்றுக்கொள்வார். அவர் வந்த ஞாயிறு அத்தையும் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார். அம்மா பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஞானஸ்நானக் கல்தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருந்தது.

யார் கொடுத்தது, எதால் கொடுத்தது என்று போதகர் கேட்டார். அப்பா முணுமுணுத்துப் பதில் சொன்னார்.

“என்ன பேரு சொல்லிக் கொடுத்தீங்க?”

அப்பா தரையைப் பார்த்தார். கழுத்தில் வியர்வை ஓடியது.

“யாரு கூட இருந்தது?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தம்பின்னு சொன்னாரு, ஐயா.”

கோயிலே சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை. “மூணு தரம் தண்ணி ஊத்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொன்னாரா?” என்றார். தலையாட்டினேன்.

“அப்ப சரி. பிள்ளை ஞானஸ்நானம் வாங்கியிருக்கு. இன்னிக்குப் பேரை மட்டும் வைப்போம்.”

அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. “ஐயா, தண்ணி எடுத்து வச்சிருக்கு. ஒரு கை ஊத்திருங்களேன்.”

“ஊத்தியாச்சேம்மா. இன்னொருக்கா ஊத்துனா, முன்ன ஊத்துனதை நானே பொய்யின்னு சொன்ன மாதிரி.”

“பேரே தெரியாம ஊத்துனது எப்படிங்க சேரும்?” என்றார் அத்தை பின்னாலிருந்து.

“பேரு நாம கூப்பிடுறதுக்கும்மா. கொடுத்தவருக்குப் பிள்ளையத் தெரியும்.” அப்பாவைத்தான் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

தம்பிக்கு இப்போது தலை நரைக்கிறது. அக்குறணையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள் என்று துண்டுப் பிரசுரத்தோடு யாராவது கேட்டால், “எனக்கு ஞாபகம் இல்லீங்க. அக்காவைக் கேளுங்க, அதுதான் பார்த்துச்சு” என்பான். வேடிக்கையாகத்தான் சொல்கிறான். ஆனால் எங்கள் விசுவாசத்தைப் பற்றி அதைவிட நன்றாகச் சொல்ல எனக்கும் தெரியாது.

பெயர் வைத்த அன்று கோயிலை விட்டு இறங்கும்போது மறுபடி தூறியது. அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, “இங்க குடு” என்று அம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஆம்பிளைப் பிள்ளை வந்ததும் நம்மை மறந்துவிட்டார் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அதுவரை அவர் அந்தப் பிள்ளையைத் தொடவே இல்லை என்பதை, அவர் இறந்த பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன். தனக்கு உரிமையில்லாத வேலையில் கைவைத்து, அதையும் கெடுத்துவிட்டதாக எண்ணிப் பயந்திருக்கிறார். பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போய்விடுவாராம்.

எனக்கு அது ஒன்றும் தெரியாது. அப்பா ஏன் அவ்வளவு மெதுவாக நடக்கிறார், வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காமல் நிற்கிறார் என்று, குடையை மடக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.