அம்மாவின் இரண்டு மருமகள்கள்

அம்மாவின் கடைசி ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எழுதிய பிறகு, நான்கு மாதமாக என் வலைப்பூவில் ஒன்றுமே எழுதவில்லை. எதை எழுத உட்கார்ந்தாலும் மனம் அங்கேயே போய் நின்றது.

இன்று காலை இருமல் மருந்து வாங்க, முடிச்சூரில் அம்மா வழக்கமாகப் போகும் மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அக்கா என் பதிவுகளைப் படிப்பவர்.

"ஏன் சார் எழுதுறதையே விட்டுட்டீங்க?"

"என்ன எழுதுறதுன்னே தெரியலக்கா."

"அம்மா பட்ட கஷ்டத்தை மட்டும்தான் எழுதினீங்க. அவங்க அடிச்ச லூட்டியை எழுதவே இல்லையே! பிரஷர் மாத்திரைக்குப் பெரிய மருமகள், சுகர் மாத்திரைக்குச் சின்ன மருமகள்னு பேரு வெச்சிருந்தாங்க. 'ரெண்டு பேரையும் ஒரு மாசத்துக்கு அனுப்பும்மா, பெரியவ இல்லன்னா தலை சுத்துது'ம்பாங்க."

எனக்கு இது தெரியவே தெரியாது. நான் ஒரே பிள்ளை. இன்னும் கல்யாணமும் ஆகவில்லை.

கடை வாசலிலேயே நின்று சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவைத் தெரிந்தவர்களே, அவர் உங்களிடம் சொன்னது ஏதாவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். என்னைப் பற்றிய புகாராக இருந்தாலும் பரவாயில்லை.